புல் முடிச்சை அவிழ்த்த பெரியம்மாவுக்கு



இந்த மடலை உங்கள் பேத்தி திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கேட்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு ஆளுக்கு நன்றி சொல்ல எதற்குப் பத்திரிகை என்று கேட்பீர்கள். உங்களுக்கு மட்டும் சொல்வதென்றால் நேரில் வந்து சொல்லியிருப்பேன். மலை ஏறுவதை வாரக் கடைசிப் பழக்கமாக்கிக்கொண்ட என்னைப் போன்றவர்கள் நகரங்களில் பெருகிவிட்டோம். நீங்கள் எனக்குச் செய்தது என்ன என்று அவர்களும் கேட்கட்டும் என்றுதான் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாக்கைக் காப்பாற்றிவிடுகிறேன். ஊர்ப் பெயரையும் மலையின் பெயரையும் எழுதக் கூடாது என்றீர்கள். எழுதவில்லை. ஜவ்வாதுமலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிற மலைத்தொடரில் உங்கள் கொல்லைக்குப் பின்னால் நிற்கும் ஒரு மலையை இந்த அடையாளத்தை வைத்து யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. “பேரு போட்டா வண்டி வரும். வண்டி வந்தா கடை வரும். கடை வந்தா பாட்டில் வரும். மாட்டுக் காலுல கண்ணாடி குத்தினா யாரு வந்து எடுப்பா?” என்று கேட்டீர்கள். சுற்றுலா வளர்ச்சி பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் அந்த மாட்டின் கால் இல்லை.

பாதை இருக்கிற மலைகளுக்கு நானும் போயிருக்கிறேன். உங்கள் மலைக்குக் கிட்டேயே, தனியே நிமிர்ந்து நிற்கும் பருவதமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் ஏறுகிறது. பாறையில் அடித்த இரும்புப் படிகளும் சங்கிலியும் ஆளை மேலே கொண்டுபோய் விடுகின்றன. கோவைப் பக்கம் வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஏழு மலையையும் ஏறுகிறார்கள். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. சாமி பார்க்கப் போகிறவர்களுக்குக் கூட்டமும் சாமியில் ஒரு பாதிதான். ஆனால் அங்கே ஏறுகிறவன் மலையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே உச்சிக்குப் போய்விடலாம். அப்படித்தான் போய் வந்தேன். இறங்கின பிறகு, வழியில் என்ன மரம் இருந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒரு பெயர்கூட இல்லை.

வழியே இல்லாத மலை ஒன்றில் நடக்க வேண்டும் என்ற ஆசை அங்கிருந்துதான் கிளம்பியது. வனத்துறைக்கு எழுதிப் போட்டு, அனுமதி வாங்கி, மார்கழிப் பனியில் உங்கள் ஊருக்கு வந்தேன். கூட வரவேண்டியவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிற உங்கள் தங்கை மகன். அவர் மேலே பார்த்துவிட்டு, “இந்தச் சரிவு எனக்குப் பழக்கமில்ல சார், பெரியம்மாதான் மாடு தேடிக்கிட்டுப் போவாங்க” என்று உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் சாமை புடைத்துக்கொண்டிருந்தீர்கள். முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல் வந்தீர்கள். உங்கள் வயதை நான் கேட்கவில்லை. என் காலில் இருந்த ஷூவின் விலையை நீங்கள் கேட்டீர்கள். நான் குறைத்துத்தான் சொன்னேன், அதற்கே சிரித்தீர்கள்.

என் பையில் ஒரு வரைபடம் இருந்தது ஞாபகம் இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா போட்ட தாள், 57 எல் என்கிற வரிசையைச் சேர்ந்தது. தரையில் அரைக் கிலோமீட்டர் அதில் ஒரு சென்டிமீட்டர். அதன் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஒரு நேர்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரித்துக்கொண்டே போய் இமயம் வரைக்கும் அளந்தார்கள், பின்னால் வந்தவர்கள். கோயில் கோபுரத்தின் மேலும் குன்றுகளின் உச்சியிலும் கருவியை ஏற்றி வைத்துப் பார்த்த கணக்கு அது. அந்தத் தாளை மரியாதையோடுதான் மடித்து வைத்திருந்தேன்.

ஆனால் அதில் உயரத்தைக் காட்டும் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே பதினைந்து மீட்டர் செங்குத்துப் பாறை தாராளமாக ஒளிந்துகொள்ளலாம், தாளில் ஒரு மச்சம்கூட விழாது. உங்கள் மலையில் அப்படி ஒன்று இருந்தது. தாள் நேரே போகச் சொன்ன இடத்தில் நீங்கள் இடது கையைக் காட்டி, “அந்தாண்ட வழுக்கு” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு வளைந்து போனீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தபோது பார்த்தேன். கறுத்து, நீர் வழிந்த தாரை தாரையாக, நின்ற நிலையில் ஒரு பாறை. மேலிருந்து பார்த்தால் புல் முடிகிற இடம் வரைக்கும் தெரியவே தெரியாது.

நீங்கள் எதைப் பார்த்து நடக்கிறீர்கள் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது. நான் தூரத்தில் இருக்கிற உச்சியைப் பார்த்தேன். நீங்கள் பத்தடிக்குள் இருப்பதை மட்டும் பார்த்தீர்கள். சருகு குவிந்து சமமாகத் தெரிந்த இடத்தில் கால் வைக்கவில்லை, அடியில் பள்ளம் இருக்கும் என்று. காய்ந்த மரத்தைப் பிடித்து ஏறவில்லை, கையோடு வந்துவிடும் என்று. பிடிப்பதானால் உசிலங்கன்றின் அடியைப் பிடிக்கச் சொன்னீர்கள். சரிவை நெட்டுக்குத்தாக ஏறாமல் மாடு போகிற வாக்கில் குறுக்கே நடந்து, திரும்பி, மறுபடி குறுக்கே நடந்தீர்கள். இலை அடர்ந்த வரிசையாக மரம் நின்றால் அங்கே ஓடை, மரம் நின்றும் சத்தம் இல்லை என்றால் தண்ணீர் மண்ணுக்கு அடியில். கல் உருண்டால் யாரும் கேட்காமலே “கல்லு” என்று குரல் கொடுத்துவிட்டு நின்றீர்கள், உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லாதபோதும்.

போதைப்புல் என் தோளுக்கு மேலே நின்றது. பனியில் நனைந்த அதை விலக்கிப் போகையில் எலுமிச்சை வாசனை சட்டையில் ஏறிக்கொண்டது. அதை நான் அனுபவித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் ஒரு கொடியைச் சுற்றி எட்டப் போனீர்கள். காய்ந்த காய்கள், மேலே பழுப்பு வெல்வெட்டு. பூனைக்காலி. “துண்டால கழுத்த மூடு தம்பி, காத்து இப்பிடி அடிக்குது” என்றீர்கள். அதுவரைக்கும் ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நீங்கள் ‘தம்பி’ என்றது அந்த இடத்தில்தான். பூனைக்காலிக்கு ஒரு நன்றி தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மலை ஏறுகிற வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது. மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறுகிற இரண்டாயிரம் அடிக்கு இன்னொரு மணி. நான் அதை வைத்து, பதினோரு மணிக்கு உச்சியில் இருப்போம் என்று சொன்னேன். நீங்கள் மலையைப் பார்த்து, “வெத்தல நாலு வாட்டி போடற நேரம்” என்றீர்கள். உங்கள் கணக்குத்தான் சரியாக இருந்தது. நெய்ஸ்மித்துக்கு உண்ணிச்செடிப் புதர் தெரியாது, இண்டமுள் தெரியாது.

அமைதியான மலை வேண்டும் என்று வந்தவன் நான். நீங்களோ வாயை மூடவே இல்லை. மருமகளைப் பற்றி, ஆலங்காயம் பஸ்ஸைப் பற்றி, செத்துப்போன ஒரு எருதைப் பற்றி, சத்தமாக, மலைக்கே சொல்வதாகப் பேசிக்கொண்டு வந்தீர்கள். பேச்சு நின்றால் கொடுவாளின் முதுகால் பாறையில் ஒரு தட்டு. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சலிப்புத்தான். பிறகு அந்தக் கறையான் புற்றைக் காட்டினீர்கள். பாதி பெயர்ந்து கிடந்தது, உள்மண் இன்னும் ஈரம். கரடி ராத்திரி தோண்டிப் போட்டது. கரடிக்குக் கண் மட்டு, புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது காதிலும் எதுவும் விழாது. ஆள் கிட்டே வந்து திடுக்கிட வைத்தால்தான் பாயும். எட்ட இருக்கும்போதே ஆள் சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போய்விடும். உங்கள் மருமகள் புராணம் முழுக்கக் கரடிக்குக் கொடுத்த தகவல் என்று அப்போதுதான் விளங்கியது. மலைக்கு மௌனம் தேடிப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அந்த மௌனம் நமக்கு முன்னால் அங்கே குடியிருப்பவர்களுடையது. உள்ளே நுழையும்போது குரல் கொடுத்துவிட்டு நுழைவதுதான் முறை.

இனி, இந்த மடலை எழுத வைத்த காரியத்துக்கு வருகிறேன்.

முகட்டில் ஏறிய பிறகு, பக்கத்து முகடு ஒன்று வந்து சேர்ந்த இடத்தில் நின்றீர்கள். இரண்டு கொத்துப் புல்லை வளைத்து நுனியை ஒன்றாக முடிந்தீர்கள். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னொரு முகடு சேர்ந்த இடத்தில் இன்னொரு முடிச்சு. ஏறும்போது எதற்கு அடையாளம், மேலே போனால் உச்சி வந்துவிடுகிறதே என்று கேட்டேன். “ஏறும்போது எல்லாம் ஒண்ணு சேரும். எறங்கும்போதுதான் பிரியும்” என்றீர்கள். மலையில் வழி தவறுகிறவர்களில் பலர் இறங்கும்போதுதான் தவறுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. உச்சி ஒன்று, அதிலிருந்து கிளம்பும் முகடுகள் பல. எல்லாமே கீழே போகும், ஒன்றுதான் உங்கள் ஊருக்குப் போகும்.

அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணத்தை உங்களிடம் அங்கேயே சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். உங்கள் மலையடிவாரத்துச் செங்கத்தில் நன்னன் என்று ஒரு தலைவன் இருந்தான். அவனைப் பார்த்துப் பரிசு வாங்கிவந்த கூத்தன் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழி சொல்லி அனுப்புவதாகப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். 583 அடி. பத்துப்பாட்டில் ஒன்று. 1889இல் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்த தொகுப்பில் வந்தது. அதில் வரும் நவிரமலை பருவதமலைதான் என்பார்கள். அதில் ஓடும் சேயாறு உங்கள் மலையில் பிறந்து இறங்குகிற அதே செய்யாறு.

கல்லூரியில் படித்தபோது எனக்கு அது இயற்கை வர்ணனை. உங்களுக்குப் பின்னால் நடந்த பிறகு எடுத்துப் படித்தால், முழுக்க முழுக்க வழிகாட்டிக் குறிப்பு. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் பார்த்துப் போ, பாம்பு கிடக்கும் பள்ளத்தைக் கவனி, பரணிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் விடுவார்கள், மேலே பட்டுவிடாமல் மரத்தின் மறைவில் போ, பாசி படிந்த இடத்தில் சிறுமூங்கிலைப் பிடித்துக்கொள் என்றெல்லாம் வரிசையாகச் சொல்கிறான் அந்தக் கூத்தன். மலையில் நடந்தே பழகாத ஒருவர் இதை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியாது. அதில் ஒரு இடத்தில், வழிகள் கூடுகிற சந்தில், பின்னால் வரும் புதியவர்களுக்குத் தெரியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அதே புல் முடிச்சை, அந்தப் பாட்டின் பெயரையே கேள்விப்படாத உங்கள் கை போட்டதைப் பார்த்தேன்.

ஆனால் என்னை அதைவிடத் திகைக்க வைத்தது திரும்பும்போது நடந்தது. ஒவ்வொரு முடிச்சாக வந்தீர்கள், குனிந்தீர்கள், அவிழ்த்தீர்கள், புல்லை உதறி நிமிர்த்தி விட்டீர்கள். அடுத்த தடவைக்கு உதவுமே என்றேன். “எனக்கு எதுக்கு? தெரியாதவன் வர்றதுக்கா?” என்று கேட்டுவிட்டு நடந்தீர்கள்.

பெருங்கௌசிகனாரின் கூத்தன் முடியச் சொன்னான், நீங்கள் அவிழ்த்தீர்கள். இரண்டும் சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். அவனுக்குப் பின்னால் வரப்போகிறவர்கள் பசித்த வயிறும் தோளில் யாழுமாக வருகிற அவனுடைய ஆட்கள். போகிற இடத்தில் சோறு உண்டு, காத்திருக்கும் தலைவன் உண்டு. உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவன் கைபேசியில் இடக்குறி போடுகிறவன். அவனுக்குப் பின்னால் நானூறு பேர்.

பாதை எப்படி உண்டாகிறது என்பதை நீங்கள் எனக்குப் பாடமாகச் சொல்லவில்லை, ஆனால் உங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு சரிவைக் காட்டினீர்கள். சில பேர் தொடர்ந்து ஒரே தடத்தில் நெட்டுக்கு நடந்தால் மண் இறுகுகிறது. இறுகின மண்ணில் புல் வராது, மழை உள்ளே இறங்காது. இறங்காத மழை அந்தத் தடத்தையே கால்வாயாக்கிக்கொண்டு ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் போதும். முழங்கால் ஆழப் பள்ளம் விழுந்து கல் பல்லிளிக்கிறது. அதில் நடக்க முடியாமல் ஆட்கள் ஓரத்தில் நடக்கிறார்கள், ஓரமும் பள்ளமாகிறது. வெளிச்சம் பட்ட விளிம்பில் உண்ணிச்செடி ஏறிக்கொள்கிறது. நாம் மூவரும் மேலே போகும்போது ஒருவர் போன தடத்திலேயே வரிசையாக நடக்கவில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். புல்வெளியில் என்னை உங்கள் காலடியை விட்டுத் தள்ளி நடக்கச் சொன்னீர்கள். நகரத்து வழிகாட்டிகள் என்னிடம் எப்போதும் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதை இருக்கிற மலையில் அவர்கள் சொல்வது சரி, இருக்கிற தடத்தை விட்டு விலகக் கூடாது. பாதையே இல்லாத மலையில் புதிதாக ஒன்று உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் கொடுவாள் இருந்தும் நீங்கள் ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை, வளைத்துப் பிடித்து என்னைப் போகவிட்டீர்கள்.

உச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய காட்சி எதுவும் இல்லை, புல்லும் நாலு நெல்லி மரமும் மறைத்துக்கொண்டிருந்தன. நீங்கள் நெல்லிக்காய் பறித்து மடியில் கட்டினீர்கள். தூக்கில் கொண்டுவந்த கேழ்வரகுக் கூழை மூன்று பேரும் குடித்தோம். ரேஷன் கடையில் விரல் ரேகை விழாமல் மூன்று முறை திருப்பி அனுப்பின கதையைச் சொல்லிக் கையை நீட்டினீர்கள். கொடுவாளும் முள்ளும் சாமைத்தாளும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிப்போன விரல்கள். மலை முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிற கையை அந்த மிஷினுக்குத் தெரியவில்லை.

இறங்குகிற வழியில், வெட்டின அடையாளம் மட்டும் இருந்த ஒரு சந்தன மரத்தடியில் நின்றோம். அடிக்கட்டையிலிருந்து துளிர் வந்திருந்தது. ஒரு காலத்தில் ஜவ்வாதுமலை என்றாலே சந்தனம். திருப்பத்தூரில் அதற்கென்று அரசுக் கிடங்கே வைத்திருந்தார்கள். இங்கே மரம் குறைந்த பிறகு தரகர்கள் உங்கள் ஆட்களைத் தேடி வந்தார்கள், ஆந்திரத்துச் செம்மரத்துக்கு. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, நீங்களும் ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்லவில்லை. “காடு நடக்கத் தெரிஞ்சவன்னுதான் கூட்டிக்கிட்டுப் போனாங்க.” 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் செத்த 20 தமிழ்நாட்டுக் கூலிகளில் ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள். வழியில்லாக் காட்டில், முதுகில் பாரத்தோடு, ராத்திரியில் நடக்கத் தெரிந்த கால்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த கூலிக்குக் காரணம். அதே திறமையைத்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக உங்களிடம் கற்றுக்கொண்டு போகிறேன். இதை எழுதாமல் உங்களுக்கு நன்றி மட்டும் எழுதினால் அது பாதி மடல்தான்.

இதைப் படிக்கிற நகரத்துக்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கேளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், புல் காய்ந்த சரிவில் காட்டுத்தீ ஏறி 23 பேர் இறந்தார்கள். மலை ஏறப் போனவர்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதன் சரிவில் மேல்நோக்கித்தான் மெதுவாக ஓடுவான். அதற்குப் பிறகுதான் அனுமதி விதிகளை இறுக்கினார்கள். “மாசிக்கு மேல வராத, வந்தாலும் நான் வரமாட்டேன்” என்று நீங்கள் சொன்னதும் அதே கணக்குத்தான். ஆகவே, பாதையில்லா மலை என்று நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். அனுமதி வாங்குங்கள், அந்த ஊர் ஆள் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், அவர் திரும்பு என்றால் திரும்புங்கள். 2024இல் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழிகளைத் திறந்துவிட்டிருக்கிறது. மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலையும் கிடைக்கிறது. நல்ல காரியம், முதலில் அங்கே போங்கள். நான் கேட்பதெல்லாம், நாற்பது நானூறு ஆகும்போது சில மலைகளை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான். ஆள் வராத இடம் என்பதற்கும் ஒரு பயன் உண்டு என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. காவலூரில் வானாய்வகம் வைத்ததே, விளக்கு வெளிச்சம் எட்டாத இருட்டு உங்கள் மலையில் இருந்ததால்தான். 1986இல் அங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே பெரியதாக இருந்த காலம் உண்டு. இருட்டைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்குப் புல்லையும் காப்பாற்றத் தெரியும் என்று நம்புகிறேன்.

பெரியம்மா, உங்களுக்குக் கூலி கொடுத்தேன், வாங்கிக்கொண்டீர்கள். கணக்கு அதோடு முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் என்னை ஓரிடத்துக்குக் கூட்டிப்போய், பிறகு அங்கே போகிற வழியை என் கண்ணெதிரிலேயே இல்லாமல் ஆக்கினீர்கள். அது எனக்குச் செய்த பெரிய மரியாதை என்று தோன்றுகிறது. மறுபடி வரவேண்டுமானால் தாளை நம்பி வர முடியாது, கைபேசியை நம்பி வர முடியாது, உங்கள் வாசலுக்கு வந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் எடுத்த படங்கள் என்னிடமே இருக்கின்றன. நண்பர்கள் இடம் எது என்று கேட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டுவிட்டார்.

காரியங்கள் மூன்று பாக்கி இருக்கின்றன. ரேஷன் கடையில் கைரேகை விழாதவர்களுக்குக் கருவிழியைப் பதிகிற கருவி பல கடைகளில் வந்துவிட்டது. உங்கள் கடைக்கு வந்திருக்கிறதா என்று பேத்தியை விட்டு ஜமுனாமரத்தூரில் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலருக்குக் கொடுக்க ஒரு மனு எழுதி இதோடு வேறு உறையில் அனுப்பியிருக்கிறேன், கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. பேத்தி நர்சிங் படிப்பு பற்றிக் கேட்டிருந்தாள். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், சேர்க்கை நேரத்தில் அலைய வேண்டாம். அப்புறம் சாமை. பத்துப் படி வேண்டும். போன தடவை நீங்கள் சொன்ன விலை குறைச்சல். இங்கே கடையில் அதே சாமையைப் பொட்டலம் கட்டி என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பணம் அனுப்புகிறேன், திருப்பி அனுப்பாதீர்கள். குத்தாமலே அனுப்புங்கள், தெரிந்த மில் ஒன்று இருக்கிறது.

அன்புடன்,
மார்கழியில் வந்துபோன தம்பி